எந்த அலாரத்துக்கு ஓடுவது?

2010 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 89 வயது முதியவர் ஒருவர் இறந்தார். இதயத் துடிப்பை ஓயாமல் கவனிக்கும் மானிட்டர் அவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. துடிப்பு சட்டென்று நின்றுவிடவில்லை. சுமார் 20 நிமிட நேரம் படிப்படியாக இறங்கியது. கட்டிலருகே இருந்த கருவியின் உச்சகட்ட அலாரம் முன்பே அணைக்கப்பட்டிருந்தது. செவிலியர் மேசையில் எழும் சின்ன 'பீப்' ஒலிகளும் நடைபாதைப் பலகைகளில் ஓடும் எழுத்துச் செய்திகளும்தான் மிச்சம். அன்று பணியிலிருந்த பத்துச் செவிலியரில் ஒருவருக்கும் அந்த ஒலியைக் கேட்டதாக நினைவில்லை. விசாரித்த அரசு ஆய்வாளர்கள், அலாரச் சலிப்பும் இந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள்.

அலட்சியம் என்று தீர்ப்பு எழுதுவது எளிது. நான்கு பேரை இடைநீக்கம் செய்து கோப்பை மூடிவிடலாம். ஆனால் 1990கள் முதல் இந்த விஷயத்தில் வந்திருக்கும் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. அலாரம் அடித்தும் எழாத செவிலியர் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தவறிப்போகும் ஒரு தடவைதான் செய்தியாகிறது. அந்தக் கணக்கை அவர் தலையில் கட்டியது யார் என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

மானிட்டர் அலாரம் பிறந்தபோது அதற்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மாரடைப்பு வந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்து, ஈசிஜியை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், இதயம் நின்ற உடனேயே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கலாம் என்று 1961இல் எடின்பரோவின் டெஸ்மண்ட் ஜூலியன் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹியூஸ் டே அப்படியொரு பிரிவைத் திறந்தார். சில கட்டில்கள், அதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர், எல்லோரும் உயிராபத்தில் இருக்கும் நோயாளிகள். அங்கே மணி அடித்தால் ஓட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் எழ வாய்ப்பில்லை. பிறகு கம்பியில்லா டெலிமெட்ரி வந்தது. மானிட்டர் ஐசியுவை விட்டு வெளியேறிப் பொது வார்டுகளுக்குள் நுழைந்தது. ஈசிஜியோடு ரத்த அழுத்தம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒரே திரைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச எல்லை, ஒரு கீழ் எல்லை, அதைத் தாண்டினால் ஓர் ஒலி. ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கும் அதே கருவி, அதே எல்லைகள்.

பொய் அலாரம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தீர்வுகள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடுகள் வழியே வரும் மின்னலையில், இதயத்தின் கீழறைகள் சுருங்கும்போது எழும் கூர்மையான முனையைத்தான் கருவி ஒரு துடிப்பாக எண்ணுகிறது. அந்த முனை சிலருக்கு இயல்பிலேயே குட்டையாக இருக்கும். அப்போது கருவிக்குத் துடிப்பு கண்ணில் படாது. இதயம் நின்றுவிட்டதென்று அலறும். நோயாளியோ மெத்தையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். முனையை அடுத்து வரும் அலை சிலருக்கு உயரமாக இருக்கும். கருவி அதையும் இன்னொரு துடிப்பாக எண்ணி, 80ஐ 160 ஆக்கிக் காட்டும். பல் துலக்கும்போது கை ஆடுகிற ஆட்டம், திரையில் உயிரைக் குடிக்கும் கீழறைத் துடிப்புக் கோளாறு போலவே தெரியும். எலக்ட்ரோடின் பசை காய்ந்துபோனாலும், ரோமம் மழிக்காத மார்பில் அது அரைகுறையாக ஒட்டினாலும் இதே கதைதான். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், இதயத்தின் மின்பாதையில் அடைப்பு உள்ளவர்களுக்கும் அலையின் வடிவமே அகன்றிருக்கும். அது நோயாளிக்கு நிரந்தரமான நிலை; கருவிக்கோ ஒவ்வொரு துடிப்பும் புதிய அதிர்ச்சி.

இவையெல்லாம் அப்பட்டமான பொய்கள். இன்னொரு வகை உண்டு. அதைத்தான் நான் கூடுதல் தொல்லை என்பேன்: உண்மை, ஆனால் பயனற்றது. மேலறை நடுக்கம் உள்ளவருக்குத் துடிப்பு எப்போதும் ஏறி இறங்கும். எல்லை 120 என்று வைத்திருந்தால் 121க்கு ஒரு தடவை, திரும்ப 122க்கு ஒரு தடவை என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். நன்றாகப் பயிற்சி செய்த உடம்புக்காரருக்குத் தூக்கத்தில் துடிப்பு 48க்கு வருவது சகஜம். கருவிக்கு அது குற்றம். செவிலியர் வந்து பார்ப்பார், செய்ய ஒன்றும் இருக்காது, போய்விடுவார்.

இந்த இரண்டு வகையையும் சேர்த்து எண்ணிய பெரிய ஆய்வு ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்பரா ட்ரூ குழுவினர் செய்தது, 2014இல் வெளியானது. 2013 மார்ச் மாதத்தின் 31 நாட்கள், ஐசியுக்களின் 77 கட்டில்கள், 461 நோயாளிகள். கருவிகள் பதிந்த அலாரங்கள் 25,58,760. இவற்றில் பெரும்பாலானவை திரையில் மட்டும் வந்துபோன எழுத்துகள். காதில் விழும்படி ஒலித்தவை 3,81,560; அதாவது கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. துடிப்புக் கோளாறு என்று கருவி சொன்ன 12,671 அலாரங்களை நிபுணர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 88.8 சதவீதம் பொய். கீழறை வேகத்துடிப்பு என்று சரியாகவே சொன்ன 168 அலாரங்களிலும் 93 சதவீதம், சிகிச்சை தர வேண்டிய அளவுக்கு நீடிக்காமல் தானாக அடங்கியவை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. 1994இல் குழந்தைகள் ஐசியு ஒன்றைப் பற்றி லாலெஸ் என்பவர் எழுதிய கட்டுரைக்கு, நம்மூர் 'புலி வருது' கதையின் மேல்நாட்டு வடிவத்தையே தலைப்பாக வைத்தார். 94 சதவீதத்துக்கு மேல் பொருட்படுத்த வேண்டாத அலாரங்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தக் கதை இங்கே முழுதாகப் பொருந்தாது. கதையில் சிறுவன் வேண்டுமென்றே பொய் சொல்கிறான். மானிட்டர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறது. கதையின் ஊரார் ஒரு முடிவுக்கு வந்து வராமலே இருந்துவிடுகிறார்கள். செவிலியர் அப்படி இருந்துவிடுவதில்லை என்பதுதான் பின்னாளில் தெரியவந்தது.

பத்தில் ஒன்பது முறை உண்மை சொல்லும் எச்சரிக்கைக்கு மனிதர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் எழுந்து வருவார்கள். பத்தில் ஒருமுறை மட்டும் உண்மை சொன்னால் ஏறக்குறைய அந்த அளவுக்கே எழுவார்கள் என்று 1995இல் பிளிஸ் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். பெரும்பாலோர் தம் எதிர்வினையை அலாரத்தின் நம்பகத்தன்மைக்கு ஏற்ப அளந்துகொள்கிறார்கள். இதை நிஜ வார்டில் பார்த்தவர்கள் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் கிறிஸ்டபர் பொனாஃபிடே குழுவினர். நோயாளிகளின் அறைகளில் கேமரா வைத்து, 100 குழந்தைகள், 38 செவிலியர், 551 மணி நேரக் காட்சிகளைப் பதிந்து ஆராய்ந்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மொத்தம் 11,745 அலாரங்கள். உண்மையில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தவை 50. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. செவிலியர் வந்து சேர எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 10.4 நிமிடம்.

பத்து நிமிடம் என்றதும் பதறத் தோன்றும். அடுத்த எண்களையும் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு என்று கருவி சொன்னபோது வந்து சேர்ந்த நேரம் 1.2 நிமிடம். குழந்தையின் பக்கத்தில் குடும்பத்தார் இல்லாதபோது 6.3 நிமிடம், இருந்தபோது 11.7. ஓராண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ள செவிலியர் 4.4 நிமிடத்தில் வந்தார்கள், அனுபவசாலிகள் 8.8. முன்பு நிஜமாகவே சிகிச்சை தேவைப்பட்ட அலாரம் அடித்திருந்த குழந்தையிடம் அவர்கள் சீக்கிரம் போனார்கள். பணிநேரம் ஏற ஏற வேகம் குறைந்தது. கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தெரிவது பகுத்தறிவு. அம்மா பக்கத்தில் இருக்கிறாள், ஏதாவது என்றால் கூப்பிடுவாள். இந்தக் குழந்தை காலையிலிருந்து காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் ஆக்சிஜன் அளவு இறங்கி ஏறுகிறது. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது, ஓடுகிறார். பழகியவருக்குத் தெரியும்; கையிலிருக்கும் ஊசியைப் போட்டுவிட்டு வருகிறார். அனுபவம் என்று நாம் பாராட்டுவதே இங்கே தாமதமாக உருவெடுக்கிறது.

குடும்பத்தார் பற்றிய அந்த எண்ணைத் தமிழ்நாட்டு வாசகர் சும்மா கடந்துபோக மாட்டார். நம் வார்டுகளில் நோயாளியுடன் இருக்கும் 'அட்டெண்டர்' ஒருவிதத்தில் அறிவிக்கப்படாத மானிட்டர். மூச்சு இழுப்பதைப் பார்த்து "சிஸ்டர், சிஸ்டர்" என்று ஓடுபவர் அவர்தான். ஐசியுவின் கதவு சாத்தப்பட்டதும் அந்தக் காவல் வெளியே பெஞ்சுக்குப் போய்விடுகிறது. உள்ளே கருவியின் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

அமெரிக்காவில் விஷயம் நிர்வாகத்தின் காதுக்கு எட்டியது சாவுகளின் வழியாகத்தான். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தம்மிடம் வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 சாவில் முடிந்தன என்றது. அவை மருத்துவமனைகள் தாமாக முன்வந்து சொன்னவை மட்டுமே. 2014 முதல் அலார நிர்வாகம் தேசிய நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாயிற்று. மருத்துவத் தொழில்நுட்ப ஆபத்துகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் ஈசிஆர்ஐ நிறுவனம் 2012 முதல் 2015 வரை நான்கு பட்டியல்களிலும் அலாரங்களையே முதலிடத்தில் வைத்தது.

சரி, இவ்வளவு பொய் சொல்லும் கருவியை ஏன் இப்படி வடிவமைக்கிறார்கள்? தயாரிப்பாளரின் இடத்திலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். நின்றுபோன இதயம் ஒன்றைக் கருவி தவறவிட்டால் வழக்கு அவர் மேல் வரும். ஆயிரம் பொய் அலாரம் அடித்தால் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. நட்டமெல்லாம் செவிலியரின் கால்களுக்கும் நோயாளியின் தூக்கத்துக்கும். ஆகவே எல்லைகளை இறுக்கமாக வைத்து அனுப்புவதே அவருக்குப் பத்திரம். மருத்துவமனை அதை அப்படியே மாட்டிவிடுகிறது. மருத்துவர், அலாரம் தம் வேலையல்ல என்று நினைக்கிறார். செவிலியருக்கு எல்லையை மாற்ற அதிகாரம் கிடையாது, ஒலியைக் குறைக்க மட்டும் பொத்தான் உண்டு. மேலே யாரும் எடுக்காத முடிவு, இப்படித்தான் இரவு மூன்று மணிக்கு ஒரு சிஸ்டரின் விரல்நுனிக்கு வந்து சேர்கிறது.

பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் டெபோரா வேலன் குழுவினர் செய்த சோதனை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். டெலிமெட்ரி வார்டு ஒன்றில் ஆறு வாரம் நடந்தது; 2014இல் வெளியானது. அவர்கள் புதிய கருவி எதையும் வாங்கவில்லை, ஆளும் சேர்க்கவில்லை. அங்கே பெரும்பாலான ஒலி நடுத்தர 'எச்சரிக்கை' நிலையில் இருந்து வந்தது. அது அடிக்கும், செவிலியர் எழுவதற்குள் தானே அடங்கிவிடும். தானே அடங்குவதைத் தினம் நூறு தடவை கேட்டவர் நூற்றோராவது தடவையும் அது அடங்கும் என்றுதான் காத்திருப்பார். எனவே இதயத் துடிப்பு அலாரங்களை அந்த நிலையிலிருந்து எடுத்து, யாராவது போய்ப் பார்த்தால்தான் நிற்கும் 'நெருக்கடி' நிலைக்கு உயர்த்தினார்கள். கேட்டால் சத்தம் கூடியிருக்கும் என்றுதான் தோன்றும். கூடவே எல்லைகளை அகலப்படுத்தினார்கள்: கீழ் எல்லை 50இலிருந்து 45க்கு, மேல் எல்லை 120இலிருந்து 130க்கு. நோயாளிக்குத் தகுந்தபடி அதை மாற்றும் அதிகாரத்தைச் செவிலியரிடமே கொடுத்தார்கள். வாரத்துக்குச் சராசரி 87,823 ஆக இருந்த ஒலிகள் 9,967 ஆகக் குறைந்தன; 89 சதவீத வீழ்ச்சி. அலாரம் தவறியதால் யாருக்கும் கேடு நேரவில்லை.

ஐந்து துடிப்பு இந்தப் பக்கம், பத்துத் துடிப்பு அந்தப் பக்கம் என்பது மருத்துவ ரீதியில் அற்பமான மாற்றம். ஆனால் அதை எழுத்தில் கையெழுத்திட்டுச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

இன்னும் எளிய வழிகளும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 15 கட்டில் பிரிவு ஒன்றில் நாளுக்கு 942 முக்கிய அலாரங்கள் அடித்துக்கொண்டிருந்தன, ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அளவுகளை ஒழுங்குபடுத்தி, செவிலியருக்குப் பயிற்சி கொடுத்து அதை 43 சதவீதம் குறைத்ததாக கிரஹாமும் மரியா வாக்கும் 2010இல் எழுதினார்கள். பின்னர் வாக் குழுவினர் இரு வார்டுகளில் எலக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றிப் பார்த்தார்கள். கட்டிலுக்கான அலாரம் சராசரியாக 46 சதவீதம் இறங்கியது. தோலைத் துடைத்து, காயவிட்டு, புதிய எலக்ட்ரோடு ஒட்டுவது. அவ்வளவுதான். ஒட்டு விட்டுப்போன எலக்ட்ரோடை அதன் மேலேயே பிளாஸ்டர் போட்டு இழுத்துப் பிடித்து இன்னொரு நாள் ஓட்டும் சிக்கனத்தின் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவில் வயதுக்கேற்ற எல்லைகள், தினசரி எலக்ட்ரோடு மாற்றம், ஒவ்வொரு நாளும் எல்லைகளை மறுபரிசீலனை செய்வது, தேவை முடிந்ததும் மானிட்டரைக் கழற்றுவது என நான்கையும் சேர்த்துச் செய்தார்கள். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 180 ஆக இருந்த அலாரம் 40க்கு வந்தது.

அந்த நான்காவது அம்சம்தான் எனக்கு ஆகப் பெரியது. இந்த நோயாளிக்கு மானிட்டர் எதற்கு என்று யாரும் கேட்பதே இல்லை. மாட்டுவதற்கு ஒரு மருத்துவர் எழுதுகிறார். கழற்ற எழுதுபவர் அரிது. கழற்றியபின் ஏதாவது ஆகிவிட்டால் பழி வரும் என்ற பயம். யாருக்குத் தேவை, எவ்வளவு நாள் தேவை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2004இலேயே நெறிமுறை வகுத்திருந்தது, 2017இல் புதுப்பித்தது. டெலவேர் மாநிலத்தின் கிறிஸ்டியானா கேர் மருத்துவமனை அந்த நெறிமுறையைக் கணினி உத்தரவுப் படிவத்துக்குள்ளேயே பொதித்தது: காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் டெலிமெட்ரி கேட்க முடியாது, காரணத்துக்கு உரிய காலம் முடிந்தால் உத்தரவும் முடியும். டெலிமெட்ரிப் பயன்பாடு 70 சதவீதம் குறைந்தது, கேடு எதுவும் கூடவில்லை என்று 2014இல் தெரிவித்தார்கள். தினசரிச் செலவு 18,971 டாலரிலிருந்து 5,772 டாலராக இறங்கியது. பொருத்தப்படாத மானிட்டர் ஒருபோதும் பொய் அலாரம் அடிப்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு நம் மருத்துவமனைகளிலும் மானிட்டர்கள் பெருகிவிட்டன. கட்டிலுக்கொரு மானிட்டர் என்பதைப் பெருமையாக விளம்பரப் பலகையில் எழுதும் நிர்வாகங்கள், அதைப் பார்க்க எத்தனை கண்கள் என்பதையும் எழுதலாம்.

தொழில்நுட்பக்காரர்கள் வேறு வழிகளைச் சொல்கிறார்கள். தாமதம் என்பது அதில் எளியது. எல்லை தாண்டிய உடனே அடிக்காமல் 19 விநாடி பொறுத்திருந்தால், பயனற்ற அலாரங்களில் 67 சதவீதம் அடிக்காமலே போயிருக்கும் என்று 2009இல் ஓர் ஐசியு ஆய்வு கணக்கிட்டது. ஆக்சிஜன் அளவுக்கு இது நன்றாகப் பொருந்தும். நின்றுபோன இதயத்துக்கு 19 விநாடி கொடுக்க யாருக்கும் மனம் வராது. இன்னொரு வழி, சாட்சிகளை ஒப்பிடுவது: ஈசிஜி இதயம் நின்றதென்கிறது, தமனியில் ரத்த அழுத்த அலையோ ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அப்படியானால் எலக்ட்ரோடுதான் விழுந்திருக்கும். 2008இல் இந்த முறையால் உயர்நிலை அலாரங்களில் பொய்யின் பங்கை 42.7 சதவீதத்திலிருந்து 17.2க்கு இறக்கினார்கள். 2015இல் இதற்கென்றே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. உண்மையான ஓர் ஆபத்தை நிரல் அமுக்கிவிட்டால், அதற்கு ஒரு பொய் அலாரத்தைப் போல ஐந்து மடங்கு தண்டனை மதிப்பெண் வைத்தார்கள். ஏன் ஐந்து? பத்தோ ஐம்பதோ ஆகாதா? செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடும் என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இந்தப் பெருக்கல் எண்ணைத்தான். அதை எந்த நிரலும் தானாகக் கண்டுபிடிக்காது. ஒரு மருத்துவமனை உட்கார்ந்து பேசி வைக்க வேண்டிய எண் அது.

ஒலியின் வடிவமும் சும்மா இல்லை. சர்வதேசத் தரவிதி 2000களில் ஒவ்வொரு வகை ஆபத்துக்கும் ஒரு சின்ன மெட்டு வகுத்தது. கேட்பவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. பிரிட்டனின் ஜூடி எட்வொர்தி போன்றோர் பல ஆண்டு சோதித்துச் சொன்னபின், 2020 திருத்தத்தில் பொருளோடு ஒட்டிய ஒலிகள் வந்தன: இதயத்துக்கு லப்-டப், மருந்துக்கு மாத்திரை குலுங்கும் ஓசை. கருவிகளின் ஆயுள் நீண்டது என்பதால் பழைய மெட்டும் புதிய ஓசையும் ஒரே அறையில் பல காலம் சேர்ந்து ஒலிக்கும்.

இனி இந்த ஆய்வுகளின் பலவீனத்துக்கு வருவோம். மேலே சொன்ன வெற்றிகளில் அநேகமாக எல்லாமே ஒலிகளின் எண்ணிக்கையைத்தான் அளந்தன. 2016இல், அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், தீர்வுகளைச் சோதித்த ஆய்வுகள் எட்டுதான் தேறின. எல்லைகளை அகலப்படுத்துவது, தாமதம், எலக்ட்ரோடு மாற்றம் மூன்றும் நம்பிக்கையூட்டுகின்றன, ஆனால் நிரூபணமாகவில்லை என்று அது எழுதியது. பல மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ததால் எது வேலை செய்தது என்று பிரிக்கவும் முடியாது. பாஸ்டன் வார்டில், இதயமோ மூச்சோ நின்றவரை மீட்க அவசரக் குழுவைக் கூப்பிடும் 'கோட் புளூ' அழைப்புகள் பாதியானதாகச் சொல்கிறார்கள். கேட்க இனிக்கிறது, ஆனால் ஒரே வார்டு, ஆறே வாரம். அலாரம் தவறிச் சாவது ஒரு தனி மருத்துவமனையின் கணக்கில் அபூர்வம். அது குறைந்தது என்று காட்ட வேண்டுமானால் பல மருத்துவமனைகள் சேர்ந்து பல ஆண்டு எண்ண வேண்டும்.

சத்தத்தைக் குறைப்பது மட்டுமே இலக்கானால் அதற்குக் குறுக்கு வழி இருக்கிறது: எல்லைகளை இன்னும் தள்ளி வைத்தால் போதும், வரைபடம் அழகாக இறங்கும். அதனால், எத்தனை அலாரத்தைக் குறைத்தீர்கள் என்று கேட்கும் நிர்வாகம், போயே ஆகவேண்டிய அலாரத்துக்கு எத்தனை நிமிடத்தில் கட்டிலுக்குப் போனீர்கள் என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டாக வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் கருவியின் நினைவகத்திலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு ஃபிலடெல்ஃபியாவில் செய்ததுபோல அறைக்குள் கேமரா வைத்து, 551 மணி நேரத்தையும் அலசி, 11,745இலிருந்து அந்த 50ஐப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது.